கட்டத்தாளில் சீன எழுத்து

கல்யாணப் புடவை எடுக்கக் காஞ்சிபுரம் வந்த அம்மா இன்னும் கடையை விட்டு வெளியே வரவில்லை. நாளைக்குச் சீன மொழிப் பரீட்சை. பல்கலைக்கழகத்தில் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, தினம் ஒரு பரீட்சை வைத்து உயிரை எடுக்கிறார்கள். எதிர் டீக்கடையில் உட்கார்ந்து, கட்டம் போட்ட தாளில் எழுத்துகளை எழுதிப் பார்க்கிறேன்.

பக்கத்துத் தறி வீட்டுக்காரர் வந்து எட்டிப் பார்க்கிறார். இங்கே புடவை டிசைனைக் கட்டத்தாளில்தான் வரைவார்கள்.

"யாருமா அனுப்பிச்சது? எங்க டிசைன வரைஞ்சிக்கினு இருக்கியா?"

"சீன மொழி படிக்கிறேன் அண்ணா."

"சீனாவா? அப்ப என் சந்தேகம் சரிதான்."

ஒவ்வோர் எழுத்தாக வாசித்துக் காட்டுகிறேன். முறைப்பு குறையவில்லை. திடீரென்று செல்போனை எடுத்துத் தாளைப் படம் பிடிக்கிறார்.

"போலீசுக்கா?"

"இல்லமா. இது பார்டருக்கு நல்லா இருக்குது."

அவர் விரல் வைத்திருப்பது நான் தப்பாக எழுதிய எழுத்து. பேனாவை மூடி வைத்துவிட்டு டீயைக் குடிக்கிறேன்.