மச்சான் பிடித்த கயிறு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தைந்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை ஒன்பது பத்துக்குப் புறப்படும் புன்னைக்காயல் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கடலில் மூழ்கிச் சங்கு குளிப்பவர். இடது கன்னத்தில் புற்றுநோயை வெட்டியெடுத்த தழும்பு. பையின் வாரை இரண்டிரண்டு முறை இழுத்துக்கொண்டே இருந்தார்.

"கடலடியில இப்படி ரெண்டு தடவ கயித்த இழுத்தா மச்சான் மேல தூக்கிருவான், சார். தங்கச்சி தாலிய எவன் அறுப்பான்? அதான் மச்சான் கையில கயித்தக் குடுக்கது. இப்ப அவனே என் பொஞ்சாதியையும் ரெண்டு பிள்ளையளையும் அவன் வீட்டுல வச்சுக்கிட்டான். நோய் ஒட்டிக்கிடுமாம்."

அவர் பையில் டாக்டர் கொடுத்த கடிதம் ஒன்று ஆங்கிலத்தில் இருந்தது. மச்சானுக்குப் படித்துச் சொல்ல அவன் வீட்டுக்கு என்னைக் கூட்டிப்போனார். மச்சான் வாசலை மறித்து நின்றான். நோய் தீர்ந்துவிட்டது, யாருக்கும் ஒட்டாது என்று வரி விடாமல் தமிழில் சொன்னேன். உள்ளேயிருந்து குழந்தைகள் "அப்பா, அப்பா" என்று கூப்பிட்டார்கள்.

"ஒங்க பிள்ளைய இவர் மடியில விடுவியளா, சார்?" என்றான் மச்சான்.

எனக்கு ஐந்து வயதில் ஒரு மகள். ஒரு நொடி தயங்கிவிட்டுத்தான் "விடுவேன்" என்றேன். அதற்குள் அவன் கதவைச் சாத்திவிட்டான்.

அவர் கடிதத்தை என்னிடமிருந்து வாங்கி நாலாக மடித்தார்.

"தண்ணிக்கடியில ஒரு நொடிங்கது ரொம்ப நேரம், சார்" என்றார்.