வீடு என்று குறித்த இடம்

இது நடந்தது. வல்லத்திராக்கோட்டையில், பிளெஸ்ஸியின் வீட்டில், போன ஐப்பசியில் நடந்தது. நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் பிளெஸ்ஸி ஒன்றைப் பத்தாக்கிச் சொல்கிற பெண் இல்லை. வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினால் தெருமுக்கு வரை போய், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்க்கிற பெண். தன் கண்ணையே இரண்டு தடவை சந்தேகப்படுகிறவள். அவளே இந்த ஒன்றில் மட்டும் சந்தேகமில்லை என்கிறாள்.

பகலில் புதுக்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. வாரத்தில் மூன்று நாள் சாயங்காலம் எலக்ட்ரானிக்ஸ் பழுதுபார்க்கும் வகுப்பு. மற்ற நாளில் வீட்டிலேயே சின்னச் சின்னப் பழுது பார்த்துக் கொடுப்பாள். வீட்டில் அவளும் அப்பா மரியசெல்வமும்தான். அப்பாவுக்குப் பெட்ரோல் பங்க்கில் வேலை, வர இரவு பத்தாகும். அம்மா போய் மூன்று வருஷம். சர்க்கரை. முதலில் இடது காலில் சுண்டுவிரலை எடுத்தார்கள். அடுத்த வருஷம் ஆளே போய்விட்டாள்.

அம்மாவிடம் ஒரு பழக்கம் இருந்தது. வாசலுக்கு வந்தவர் யாரானாலும் முதலில் ஒரு செம்புத் தண்ணீர். கிளம்பும்போது கூடவே நடந்து வழியனுப்பிவிட்டு வருவாள். விரலை எடுத்த பிறகும் நொண்டி நொண்டிப் போவாள். "ஒங்கம்மா வழியனுப்பப் போயி வந்தவங்க வீட்டுலயே சாப்பிட்டுட்டு வர்றவ" என்று அப்பா கேலி செய்வார்.

செத்த பிறகும் அம்மா வீட்டை விட்டுப் போகவில்லை என்றுதான் பிளெஸ்ஸிக்குத் தோன்றும். விளக்குப் போடும் நேரத்தில் அடுப்படிக் கதவு காற்றே இல்லாமல் லேசாக ஆடும். கீல் தளர்ந்திருக்கும் என்றார் அப்பா. பிளெஸ்ஸி கீலைக் கழற்றி, எண்ணெய் விட்டு, திருகாணியை முறுக்கி மாட்டினாள். அப்புறமும் ஆடியது. அதற்கு அவள் ஒருநாளும் பயந்ததில்லை. "இரும்மா, வாரேன்" என்பாள். அவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமை அன்னவாசலிலிருந்து புவனேஸ்வரி என்று ஒரு பெண் வந்தாள். முப்பது வயதிருக்கும். முந்தானையைக் கழுத்து மறைய இழுத்துப் போர்த்தியிருந்தாள். பையிலிருந்து காரில் வைக்கிற ஜிபிஎஸ் கருவி ஒன்றை எடுத்தாள். மலிவான சாமான். உள்ளங்கை அகலத் திரையில் ஓரத்தில் ஒரு கீறல். ஆன் செய்தால் கம்பெனிப் பெயர் வரும், அதோடு நின்றுவிடும்.

"புதுசே வாங்கிறலாமேக்கா" என்றாள் பிளெஸ்ஸி.

"இதுதான் வேணும் பாப்பா. இது சொன்னாத்தான் அவரு திரும்புவாரு. யாரு சொன்னாலும் கேக்க மாட்டாரு. எங்க கல்யாணத்தன்னைக்கே வேற மண்டபத்துல போயி எறங்குன மனுசன்." சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. "வெள்ளிக்கெழம காலையில வாரேன். அதுல வீடுன்னு எங்க வீட்டப் போட்டு வச்சிருக்காரு. அத மட்டும் அழிச்சுராத."

"அழியாமப் பாக்குறேன்க்கா."

இந்த வாக்கைத்தான் பிளெஸ்ஸியால் காப்பாற்ற முடியவில்லை.

பேட்டரி உப்பியிருந்தது, மாற்றினாள். சார்ஜ் போடும் முனையில் பச்சை பிடித்திருந்தது, சுரண்டிச் சுத்தம் செய்தாள். வானத்திலிருந்து சிக்னல் வாங்கும் ஆன்டெனா ஒயர் அடியோடு அறுந்திருந்தது. அதற்கு ஆர்டர் போட்டாள், வந்து சேரவில்லை. எல்லாம் செய்தும் திரை அந்தப் பெயரிலேயே நின்றது. வியாழக்கிழமை சாயங்காலம் மிச்சமிருந்தது ஒரே வழி. உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து, புதிதாகத் தொடங்குவது.

புவனேஸ்வரிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது.

வேறு வழியில்லாமல் அழித்தாள்.

கருவி பிழைத்துக்கொண்டது. வரைபடம் வந்தது. வீடு என்ற இடம் மட்டும் காலி. வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி, வழி போடுகிறதா என்று சோதிக்க அந்த இடத்தில் ஏதாவது ஒரு முகவரி வேண்டும். அன்னவாசலில் எந்தத் தெரு என்று அவளுக்குத் தெரியாது. தன் வீட்டையே வீடு என்று குறித்தாள். காலையில் அக்காவிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

அப்போது மணி ஆறு நாற்பது.

"வழிகாட்டல் தொடங்குகிறது" என்றது பெண் குரல்.

பிளெஸ்ஸி திரையைப் பார்த்தாள். அம்புக்குறி வல்லத்திராக்கோட்டையில் இல்லை. கொடும்பாளூர் பக்கம், நெடுஞ்சாலையில் நின்றது. ஆன்டெனா இல்லாத கருவி எதையாவது காட்டத்தான் செய்யும் என்று நினைத்தாள்.

அம்புக்குறி நகர்ந்தது.

மாதிரி ஓட்டமாக இருக்கும். கார் ஓடுவதுபோல் ஓட்டிக் காட்டும் வசதி மலிவுக் கருவிகளில் உண்டு. செட்டிங்ஸுக்குள் போய்ப் பார்த்தாள். அந்த வசதி அணைந்திருந்தது. தான் சரியாகத்தான் படித்தோமா என்று வெளியே வந்து, மறுபடி உள்ளே போய்ப் பார்த்தாள். அணைந்துதான் இருந்தது.

"இடப்புறம் திரும்பவும்."

அம்பு திரும்பியது. ஆனால் உடனே இல்லை. கொஞ்சம் நின்று, யோசித்து, பிறகு. மாதிரி ஓட்டம் யோசிக்காது.

இலுப்பூர் தாண்டியது. ஊருக்குள் மெதுவாக, வெளியே வந்ததும் வேகமாக. வழியில் ஒரு நாற்சந்தியில் நின்று காத்திருந்தது.

ஏழரைக்கு அன்னவாசல் வந்தது. பஸ் ஸ்டாண்டைக் கடந்ததும் ஒரு தெருமுனையில் நின்றுவிட்டது.

ஒரு நிமிஷம். இரண்டு நிமிஷம்...

அந்தத் தெருவுக்குள் லேசாக நுழைந்தது. உடனே குரல் சொன்னது. "பாதை தவறிவிட்டது. திரும்பி, நேராகச் செல்லவும்."

அம்பு அசையவில்லை.

"திரும்பி, நேராகச் செல்லவும்."

மெதுவாக, ரொம்ப மெதுவாக, அது பின்வாங்கியது. மெயின் ரோட்டுக்கு வந்தது. புதுக்கோட்டையை நோக்கிக் கிளம்பியது. ஏனென்று தெரியாமல் பிளெஸ்ஸிக்கு அழுகை வந்தது.

அடுப்படிக் கதவு ஆடியது. இன்று லேசாக இல்லை.

அப்பாவுக்குப் போன் போட்டாள். "ப்பா, சீக்கிரம் வர்றீங்களா?"

"பங்க்ல வண்டி வரிசை கட்டி நிக்கிது ஆத்தா. என்ன, ஒடம்பு முடியலயா?"

என்ன சொல்வது? கருவியில் ஒரு அம்பு வருகிறது என்றா?

"ஒண்ணுமில்லப்பா."

அம்பு புதுக்கோட்டையைத் தாண்டியது. மணி எட்டு ஐந்து.

பிளெஸ்ஸி வீடு என்ற குறிப்பை அழிக்கப் பார்த்தாள். விரல் பட்டும் திரை கேட்கவில்லை. அணைக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். அணையவில்லை.

ஒயரைப் பிடுங்கினாள். பின்மூடியைத் திறந்து பேட்டரியையும் கழற்றினாள்.

கையில் பேட்டரி. மேஜையில் கருவி.

திரை எரிந்துகொண்டிருந்தது.

"ஐந்நூறு மீட்டரில் வலப்புறம் திரும்பவும்."

அது ஊருக்குள் நுழையும் திருப்பம்.

வாசல் கதவு சாத்தியிருந்தது. தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்தாள். மறுபடி இழுத்துப் பார்த்தாள்.

"நூறு மீட்டர்."

தெருவில் ஒரு சத்தம். டிக்... டிக்... டிக்... கார் திரும்பும்போது அடிக்கிற சிக்னல் சத்தம்.

ஜன்னல் இடுக்கில் பார்த்தாள். தெருவிளக்கு எரிந்தது. தெரு காலி.

டிக்... டிக்... டிக்...

நின்றது.

டப்.

கார்க் கதவு சாத்தும் சத்தம்.

"நீங்கள் வீட்டை அடைந்துவிட்டீர்கள்."

வாசல் கேட் கிரீச்சிட்டது.

காலடி. ஒன்று... இரண்டு...

கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ மூச்சு விட்டார்கள். நெடுந்தூரம் வந்த மூச்சு.

பிளெஸ்ஸி சுவரோடு சாய்ந்தாள். கத்த வாய் திறந்தாள். வரவில்லை.

அப்போது அடுப்படியில் பானை மூடி நகர்ந்தது. தண்ணீர் மொள்ளும் சத்தம் கேட்டது.

திரை அணைந்தது.

பத்து மணிக்கு அப்பா வந்து தட்டியபோதும் அவள் அதே இடத்தில்தான் இருந்தாள். உள்ளே வந்த அப்பா கேட்டார். "வெளிய எதுக்குச் செம்புல தண்ணி வச்சிருக்க? யாரும் வந்தாங்களா?"

பிளெஸ்ஸி வைக்கவில்லை. எட்டிப் பார்த்தாள். அம்மாவின் செம்பு. பாதித் தண்ணீர் குறைந்திருந்தது.

காலையில் புவனேஸ்வரி தம்பியின் காரில் வந்தாள். இன்று கழுத்தை மறைக்கவில்லை. கழுத்தில் தாலி இல்லை.

"ஒங்கிட்ட சொல்லல பாப்பா. சொன்னா இந்தச் சாமானத் தொட மாட்டன்னு நெனச்சேன். அவரு போயி பதினஞ்சு நாளாச்சு. கொடும்பாளூர்கிட்ட லாரி அடிச்சிருச்சு. வண்டி நொறுங்கி, இது மட்டும் தெறிச்சு வெளிய கெடந்துச்சு."

பிளெஸ்ஸி மேஜையில் கிடந்த கருவியைப் பார்த்தாள்.

"ரோட்டுல போனவங்கள அங்கனயே விடக் கூடாதுன்னு எங்க வீட்டுல ஒரு மொறை. செத்த எடத்துல நின்னு பேரச் சொல்லிக் கூப்புட்டு, ஒவ்வொரு திருப்பத்துலயும் 'இங்கிட்டு வா'ன்னு வழி சொல்லிக்கிட்டே வீட்டுக்குக் கூட்டியாரணும். இத வச்சு இன்னைக்குத்தான் கூப்புடுறதா இருந்துச்சு. வெள்ளிக்கெழம ஆகாதுன்னு பெரியவங்க நேத்து சாயங்காலமே இழுத்துட்டுப் போயிட்டாங்க. செல்போன வீட்டுலயே வச்சுட்டேன். தொண்ட வத்தக் கூப்புட்டேன் பாப்பா. வந்தாருன்னா தெரியும்னு வீட்டுக்குள்ள தரையில மாவு சலிச்சுப் பரப்பி வச்சிருந்தோம். ஒரு தடம் விழல. எங்கிட்டுப் போனாருன்னே தெரியல."

"எத்தன மணிக்குக்கா கூப்பிட்டீங்க?"

"ஆறே முக்காலுக்குக் கொஞ்சம் முன்ன."

பிளெஸ்ஸி எல்லாவற்றையும் சொன்னாள். அழித்ததை, தன் வீட்டைக் குறித்ததை, அன்னவாசல் தெருமுனையில் அம்பு நின்றதை. பேட்டரியை மறுபடி மாட்டி, வரைபடத்தில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

புவனேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள். "அது எங்க தெரு. வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிட்டாரா?"

திட்டுவாள் என்று பிளெஸ்ஸி நினைத்தாள். அவள் திட்டவில்லை. முகவரியைச் சொன்னாள். பிளெஸ்ஸி அதை வீடு என்று மாற்றி, மூன்று தடவை சரிபார்த்தாள். புவனேஸ்வரி செருப்பைக் கழற்றிவிட்டு நிலைப்படியில் நின்று, காலியான கூடத்தைப் பார்த்துச் சொன்னாள்.

"கோபி... இது அடுத்தவங்க வீடு. வாங்க, நம்ம வீட்டுக்குப் போவோம்."

காரில் முன் சீட்டைக் காலியாக விட்டு, கருவியை அதன்மேல் வைத்தாள். "வழிகாட்டல் தொடங்குகிறது" என்றது குரல். கார் நகர்ந்தது. அந்த நேரம் உள்ளே அடுப்படிக் கதவு படாரென்று முழுக்கத் திறந்தது. காற்றில்லை. பிளெஸ்ஸி திரும்பிப் பார்ப்பதற்குள் கார் தெருமுக்கைத் தாண்டிவிட்டது.

அன்று சாயங்காலம் போன் வந்தது.

"பாப்பா... வந்துட்டாரு." புவனேஸ்வரியின் குரல் ரகசியம் பேசுவதுபோல் இருந்தது. "மாவுல தடம் விழுந்திருக்கு. அவரு காலுதான். எனக்குத் தெரியாதா?"

பிளெஸ்ஸி நேற்றிலிருந்து அடக்கியிருந்த மூச்சை விட்டாள்.

"ஆனா..."

"என்னக்கா?"

"கூடவே இன்னொரு தடம் இருக்கு பாப்பா. பொம்பளக் காலு. நொண்டி நடந்தாப்புல இருக்கு. எடது காலுல சுண்டுவெரலக் காணோம். யாருன்னு ஒனக்குத் தெரியுமா?"

பிளெஸ்ஸி அடுப்படிக் கதவைப் பார்த்தாள். விளக்குப் போடும் நேரம். கதவு ஆடவில்லை.

"அக்கா... அந்தத் தடம் திரும்பி வெளிய போயிருக்கா?"

அந்தப் பக்கம் அவள் எழுந்து போய்ப் பார்க்கிற காலடி கேட்டது.

"இல்ல பாப்பா. உள்ள போனதோட சரி."

பிளெஸ்ஸி அடுப்படி வாசலில் போய் நின்றாள். "அம்மா" என்றாள். மறுபடி, "அம்மா."

கதவு அசையவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை அசையவில்லை.

அம்மா அன்னவாசல் பக்கம் ஒரு தடவைகூடப் போனதில்லை. திரும்பி வர அவளுக்கு வழி தெரியாது.