அப்பவே நெனச்சவர்

பக்கத்து நிலத்துக்காரரை நினைத்தால் எனக்கு இன்றும் பற்றிக்கொண்டு வருகிறது. ஒல்லியான நெடிய உடம்பு, வெயிலிலும் விரிக்காத குடை. என் நிலத்தில் எது கெட்டுப்போனாலும் வரப்பில் வந்து நின்று, குடையை ஊன்றி, "அப்பவே நெனச்சேங்க" என்பார்.

எழுபதுகளின் கடைசியில், மெட்ராஸ் வேலையை விட்டுவிட்டுக் கீழ்பென்னாத்தூர் பக்கம் நிலம் வாங்கிய புதிது. தண்ணீரை அளவில்லாமல் பாய்ச்சி வேர்க்கடலைச் செடி அழுகியபோதும் அதையேதான் சொன்னார். பொறுத்துக்கொண்டேன்.

திருவண்ணாமலை தீபத்துச் சந்தையில் ஏர்மாடு வாங்கினேன். கூட வந்த அந்தக் குடைக்காரர் கொம்பைத் தடவி, "லட்சணமா இருக்குதுங்க" என்றார். ஏரில் பூட்டினால் இரண்டு மாடும் வலப்பக்கத்துக்கே முண்டின. ஒன்றையொன்று முட்டிக்கொண்டு என்னையும் வாய்க்காலில் தள்ளின.

வரப்பில் குடை ஊன்றியது. "ஒண்ணு வலப்பக்கம், ஒண்ணு எடப்பக்கம் பழகியிருக்கணும். இது ரெண்டுமே வலப்பக்கத்து மாடுங்க. அப்பவே நெனச்சேன்."

சேற்றிலிருந்தே கத்தினேன். "யோவ், சந்தையில பக்கத்துலதானய்யா நின்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவர் கோபிக்கவில்லை. "உங்களுக்கு முன்ன இங்க இருந்தவருக்கு எல்லாத்தையும் முன்னாடியே சொன்னேங்க. அவரும் பட்டணத்துக்காரருதான். கோவிச்சிக்கினு நிலத்த வித்துட்டுப் போயிட்டாரு."

நல்லவரா, அழுத்தக்காரரா, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நிலத்தை விற்றுத் தொலைக்கலாம் என்று எத்தனையோ முறை தோன்றியிருக்கிறது. விற்கவில்லை. நான் மூட்டை கட்டினால், அந்த மனுஷன் குடையை ஊன்றி அதையும் அப்பவே நெனச்சேன் என்பாரே!