ஓரத்து நாலு வரிசை

என் வீட்டுக்காரர் இறந்த வருஷம், மாடுகளுக்குப் பூஜை செய்யும் போளாப் பண்டிகையன்று எங்களிடம் மிஞ்சியிருந்தது ஒற்றை மாடு. தோரணத்துக்குக் கீழே மாடுகள் ஜோடியாகத்தான் நிற்க வேண்டும். நான் கொட்டிலை விட்டு வெளியே வரவில்லை. பக்கத்து வீட்டு சோபான் தன் ஜோடியில் ஒன்றைக் கொண்டுவந்து என் மாட்டோடு பூட்டி ஓட்டிப்போனான். அவனுடைய மற்ற மாடு அன்றைக்கு வீட்டிலேயே நின்றது. அதைப் பற்றி அவன் பிறகு பேசியதே இல்லை.

சோபானுக்குச் சொந்த நிலம் கிடையாது. தேவ்ராவ் பாட்டீலின் கரிசலைக் குத்தகைக்கு எடுத்துப் பருத்தி போட்டான். ஊர் முழுக்க பி.டி. பருத்திதான். செடியிலேயே விஷம் இருக்கும், காய்ப்புழு கடித்தால் செத்துப்போகும். அந்த விதைப் பைக்குள் சின்னதாக இன்னொரு பொட்டலம் வரும், சாதா விதை. அதை வயல் ஓரத்தில் விதைக்க வேண்டும், கொஞ்சம் புழு அங்கே பிழைத்துக் கிடந்தால்தான் புழுக்கூட்டம் விஷத்துக்குப் பழகாது என்று கடைக்காரர் சொல்வார். புழுவுக்கு யார் நிலம் விடுவார்கள்? பொட்டலத்தை வரப்பிலேயே வீசிவிடுவோம். சோபான் மட்டும் ஓரத்தில் நாலு வரிசை விதைப்பான்.

"என்னடா, புழுவுக்குப் பந்தி போடுறியா?" என்பார் பாட்டீல்.

"அதுவும் விட்டலன் படைச்சதுதானே முதலாளி. ஓரமா உக்காந்து தின்னுட்டுப் போகட்டும்" என்று சிரிப்பான்.

கடைக்காரர் சொன்னதுதான் நடந்தது. ஒரு தீபாவளி கழிந்து காயைப் பிளந்தால் உள்ளே ரோஸ் நிறப் புழு. எல்லார் வயலிலும் அப்படித்தான், சோபான் வயலும் தப்பவில்லை. ஒருத்தன் விட்ட நாலு வரிசை ஊருக்கே எப்படிப் போதும்? ஆனால் டீக்கடையில் வேறு பேச்சு.

"சோபான் சோறு போட்டு வளர்த்த புழுதான் நம்ம காட்டுக்கு விருந்துக்கு வந்திருக்கு."

சேதம் பார்க்க அதிகாரி வந்தார். "ஓரத்துல சாதா விதை போட்டீங்களா? போடாதவங்களுக்கு நிவாரணம் கிடையாது" என்று முதலில் அதைத்தான் கேட்டார். அதுவரை திட்டியவர்கள் அவரை நேரே சோபானின் நாலு வரிசைக்குக் கூட்டிப்போனார்கள். "எல்லாருமே இப்படித்தாங்க போட்டோம்" என்றார் பாட்டீல். சோபான் பக்கத்திலேயே நின்றான். வாயைத் திறக்கவில்லை.

நிவாரணம் வந்தது, நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவர்களுக்கு. சோபானின் பயிருக்கு வந்ததையும் பாட்டீலே வாங்கிக்கொண்டார். அவன் கேட்கப் போனபோது, "புழு வளர்த்தவனுக்கு நிவாரணம் வேறயா? இனிமே நிலமும் கிடையாது, போ" என்று அனுப்பிவிட்டார். அன்று சாயங்காலம் விட்டலன் கோவிலில் தாளம் தட்டிப் பஜனை நடத்தியதும் அவர்தான். விட்டலன் எப்போதும்போல இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்திருந்தான்.

சோபான் ஒரு மாட்டை விற்றுவிட்டு, நாக்பூர் பக்கம் செங்கல் சூளைக்குக் கிளம்பினான். மற்றதைக் கொண்டுவந்து என் கொட்டிலில் கட்டினான்.

"அந்த ஆபீசர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடா தம்பி" என்றேன்.

"சொல்லியிருந்தா உங்களுக்கும் வந்திருக்காதே அண்ணி."

கயிற்றை இழுத்துப் பார்த்துவிட்டு, மாட்டின் முதுகில் கை வைத்தபடி சொன்னான்:

"போளாவுக்கு இதை உங்க மாட்டோட நிக்க வைங்க. இடப்பக்கமாக் கட்டுங்க, வலப்பக்கம் நின்னா மிரளும். யார் மாடுன்னு கேட்டா, புழு வளர்த்தவன் மாடுன்னு சொல்லுங்க."