தேறிய உடம்பு

வறுத்த புளியங்கொட்டையின் கருகல் வாசனையோடுதான் அந்த வருஷம் என் நினைவில் ஏறி வருகிறது. சமயநல்லூருக்கு மேற்கே எங்கள் ஊர்க் கண்மாய் இரண்டு வருஷமாக நிரம்பவில்லை. நடவும் இல்லை, அறுப்பும் இல்லை, பிறர் வயலை நம்பியிருந்த எங்கள் வீட்டில் அடுப்புக்கும் வேலை இல்லை. தேயிலைத் தோட்டத்துக்குப் போன அய்யா போனவர்தான். ஆத்தா கொட்டையை வறுத்து, இடித்து, தோல் நீக்கிப் பானைத் தண்ணீரில் ஊறப் போடுவாள். மறுநாள் ஒவ்வொன்றும் "உப்பி"க் கிடக்கும். "இம்புட்டுப் போட்டா அம்புட்டாகுது பாரு" என்று ஏதோ தண்ணீரே சோறு போட்டதுபோலச் சொல்லுவாள்.

வைகாசியில் என் தங்கை பேச்சியும் உப்ப ஆரம்பித்தாள். அவளுக்கு ஐந்து வயது, எனக்கு ஒன்பது. தோலும் நரம்புமாய்க் கிடந்த பிள்ளைக்கு முதலில் பாதம், பிறகு கன்னம், பிறகு இமை என்று "பூசினாப்புல" ஆயிற்று. பக்கத்து வீட்டுக் காளியம்மா பார்த்துவிட்டு, "என்ன மதினி, ஊரே காயுது, ஒம்மக மட்டும் மினுமினுங்குறா? எம்புட்டு நெய்ய ஊத்துறீக?" என்றாள். "கண்ணு வைக்காதடி" என்று ஆத்தா சிரித்தாலும், அன்றைக்கே உப்பு மிளகாய் சுற்றிப் போட்டாள். எனக்கோ அது விளையாட்டு. பேச்சியின் காலைக் கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும். விரலை எடுத்தாலும் மூடாது. அதில் ஒரு வேப்பங்கொட்டையை வைத்து, உருளாமல் நிற்கிறதா என்று பந்தயம் கட்டுவோம். "இன்னொண்ணு வைய்யிண்ணே" என்பாள் அவள்.

அப்போதுதான் சாலையோரம் ஒரு தர்மவான் கஞ்சித் தொட்டி திறந்தார். வீட்டுக்கு ஒரு பிள்ளைக்குத்தான் கஞ்சி. அங்கேயே குடித்துவிட்டு வர வேண்டும். ஆத்தா யோசிக்கவே இல்லை. "இவன் எலும்பாக் கெடக்கான், இவன் போகட்டும். அவளுக்கென்ன, ஒடம்பு தேறிட்டா."

தினமும் நான் போனேன். திரும்பி வரும்போது பேச்சி வாசலில் உட்கார்ந்து, "கஞ்சில உப்புப் போட்டாகளாண்ணே?" என்று கேட்பாள். "இல்ல" என்பேன். போட்டிருந்தார்கள்.

ஆடியில் ஒரு காலை அவள் எழுந்திருக்கவில்லை. ஆத்தா காளியம்மா வாசலில் மண்ணை வாரித் தூற்றிவிட்டு வந்தாள். அதன்பின் அந்த இரண்டு வீட்டுக்கும் பேச்சில்லை.

எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். பசுமலையில் படிக்கையில் சுகாதாரப் பாடத்தில் வந்தது: பட்டினி முற்றினால் உடம்பில் நீர் கோத்து வீங்கும், அழுத்தினால் பள்ளம் நிற்கும். வகுப்பில் அந்தப் பக்கத்தை என்னைத்தான் எழுந்து வாசிக்கச் சொன்னார்கள். வாசித்தேன்.

இன்று கஞ்சித் தொட்டி இருந்த இடத்தில் லாரிகள் நிற்கின்றன. சாலைப் புளியமரங்களில் பாதி இல்லை. காளியம்மாவும் பழியைச் சுமந்தபடியே செத்துப்போனாள்; பேச்சி இருந்ததற்கு எங்கள் வீட்டில் ஒரு துணிகூடச் சாட்சியில்லை. போன பொங்கலுக்கு ஆத்தாவிடம் சொல்லிவிடுவதென்றே ஊருக்குப் போனேன். இலையில் சோற்றைத் தள்ளியபடி அவள் சொன்னாள்: "எம்புட்டுத் தின்னாலும் ஒனக்கு ஒட்ட மாட்டேங்குதேய்யா. ஒந் தங்கச்சியாட்டம் ஒருநாளாச்சும் பூசுனாப்புல ஒன்னைய நான் பாத்தேனா?"

இன்னும் கொஞ்சம் போடச் சொன்னேன்.