ஆறுக்கு ஒன்று

கலாராணிக்கு இந்த இருபத்திரண்டு வருடத்தில் எத்தனை அரைப்பேர் எழுதியிருக்கிறேன் என்று என்னிடம் கேட்காதீர்கள். நிறைய எழுதியிருக்கிறேன். மனமிரங்கி ஒன்றைக்கூட முழுப்பேர் ஆக்கியதில்லை.

பூனாகலைத் தேயிலைத் தோட்டத்தில் எங்கள் மலைக்கு நான்தான் கணக்கப்பிள்ளை. பெண்கள் பறித்துக்கொண்டு வரும் கொழுந்தை நிறுத்து எழுதுவது என் வேலை. இருபது கிலோ வந்தால் அன்றைக்கு முழுப்பேர், அதாவது முழுநாள் சம்பளம், வராவிட்டால் அரைப்பேர். சாக்குக்கு ஒரு கழிவு, மழை நாளில் ஈரத்துக்கு இன்னொரு கழிவு. கழிவு போடும்போது எல்லாப் பெண்களும் என்னைத் திட்டுவார்கள். மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் திட்டுவார்கள், கலாராணி முகத்துக்கு நேரே திட்டுவாள்.

அவளுக்கு ஐம்பத்திரண்டு வயது. கை அப்படி ஒன்றும் வேகமில்லை. மழைக்காலத்தில் இருபது கிலோ தேறாது என்று தெரிந்ததும் மற்றவர்கள் மூன்று மணிக்கே மலையை விட்டு இறங்கிவிடுவார்கள். அது நியாயம்தான். பன்னிரண்டு கிலோவுக்கும் அரைப்பேர், பதினெட்டு கிலோவுக்கும் அரைப்பேர், பிறகு எதற்கு அட்டைக்கடி பட்டு நனைய வேண்டும்? இவள் மட்டும் நாலரைக்கு வருகிற கடைசி நிறுவை வரைக்கும் நிற்பாள். அவள் ஒருத்திக்காகத் தராசைத் திறந்து வைத்துக்கொண்டு நானும் நிற்க வேண்டும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"ஒங்களுக்கு வூடு வாசல் ஒண்ணும் இல்லையா கலாராணி? நிண்டாலும் அரைப்பேர்தானே?"

"இருக்குங்கய்யா. கொழுந்தும்தான் இருக்கு. இன்னிக்கு எடுக்காட்டி நாளைக்கு முத்திப் போயிரும். முத்துன கொழுந்த நீங்க வாங்குவீங்களா?"

ஈரக் கழிவைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவேன்.

கால்பந்து எங்கள் வீட்டுக்குள் வந்ததற்குக் காரணம் போன் சிக்னல். தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்தில் ஒரு கோடுகூட எடுக்காது. நிறுவைத் தளத்தை ஒட்டின வளைவில்தான் எடுக்கும், அந்த வளைவில்தான் என் குவார்ட்டர்ஸ். கலாராணியின் ஒரே மகள் நிஷாந்தினி இங்கிலாந்தில் இருக்கிறாள். ஹாலிஎலயைச் சேர்ந்த துஷாந்த் அங்கே ஒரு பெட்ரோல் ஷெட்டில் வேலை செய்கிறான், அவனைக் கட்டிக்கொண்டு ஐந்து வருடத்துக்கு முன்பு போனாள். அவளுக்கு வேலை ஹார்ஸ்பி டவுன் என்கிற கால்பந்து கிளப்பின் லாண்டரியில். ஆடுகிறவர்களின் ஜேர்சியையும் காலுறையையும் துவைத்துக் காயவைத்து மடிக்க வேண்டும். பெரிய கிளப் இல்லை. டிவியில் காட்டுகிற அணிகள் மேலே இருக்கின்றன, இவர்கள் நான்காம் பிரிவில் இருபத்து நாலு அணிகளோடு அடித்துப் பிடித்துக்கொண்டு கிடக்கிறார்கள்.

போன வருடம் ஆகஸ்டில் கலாராணி ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு என் வாசலில் வந்து நின்று, மகள் அனுப்பிய குரல் பதிவைச் சத்தமாக வைத்துக் கேட்டாள். நானும் பல் துலக்கிக்கொண்டே கேட்டேன். விஷயம் இதுதான். ஆட்ட வருடம் முடியும்போது இருபத்து நாலு அணிகளில் கடைசி இரண்டும் கீழ்ப் பிரிவுக்கு இறங்க வேண்டும். ஹார்ஸ்பி இறங்கினால் லாண்டரியில் உள்ள மூன்று பேரில் இரண்டு பேருக்கு வேலை இல்லை, நிஷாந்தினிதான் கடைசியாகச் சேர்ந்தவள். இறங்காவிட்டால் நிரந்தரமாக எடுப்பார்கள், ஜூலையில் சம்பளத்தோடு லீவு கொடுப்பார்கள், அவள் ஊருக்கு வருவாள்.

ஊருக்கு வருவது என்றால் சும்மா வருவது இல்லை. கலாராணியின் புருசன் இராமையா இறந்து இரண்டு வருடம் ஆகிறது. மகளுக்கு அப்போது சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத வேலை, லீவு கிடைக்கவில்லை, டிக்கெட்டுக்கும் வழியில்லை, அவள் வரவில்லை. போனில் முகம் காட்டலாம் என்றால் லயத்தில் சிக்னல் இல்லை. அதனால் பாடையைத் தூக்கி வரும் வழியில், சிக்னல் எடுக்கிற இந்த வளைவில், என் கேட்டுக்கு முன்னால் இறக்கி வைத்தார்கள். மூன்று நிமிடம். கலாராணி போனைப் புருசனின் முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டிருந்தாள், அந்தப் பக்கம் மகள் கத்தி அழுதாள். வீட்டு வாசலில் பாடையை இறக்குவதா என்று என் மனைவிக்குக் கோபம். எனக்கும் கோபம்தான். ஆனால் அந்தப் பிள்ளையின் அழுகையைக் கேட்டபிறகு அந்தக் கோபம் போன இடம் தெரியவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கலாராணி வந்தாள், என் மனைவி பிளேன்டீ கொடுத்தாள், நான் ஹார்ஸ்பி டவுனின் கணக்கப்பிள்ளை ஆனேன். புள்ளிப் பட்டியலை அவளுக்கு விளங்க வைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

"வெற்றின்னா முழுப்பேர். சரிசமமா முடிஞ்சா அரைப்பேர்" என்று தொடங்கினேன்.

"அப்படிச் சொன்னா வெளங்குதே."

"ஆனா முழுப்பேருக்கு மூணு புள்ளி, அரைப்பேருக்கு ஒரு புள்ளி."

கலாராணி விரல் விட்டு எண்ணிப் பார்த்தாள். "மூணுல பாதி ஒண்ணரையில்ல? அப்ப இங்கிலீஷ்காரனும் கழிவு போட்டுத்தான் எழுதுறான்."

என் மனைவி உள்ளே போய்ச் சிரித்தாள்.

செப்டம்பரில் ஹார்ஸ்பி பதினைந்தாம் இடத்தில் இருந்தது. ஒக்டோபரில் இருபதுக்கு இறங்கியது. நவம்பரில் எங்களுக்கும் மழை, அவர்களுக்கும் மழை. அந்த மாதம் ஒரு சனிக்கிழமை மலையில் எல்லோரும் இரண்டரைக்கே இறங்கிவிட்டார்கள். கலாராணி நின்றாள். நாலரைக்குப் பதினாலு கிலோவோடு வந்தாள், இரண்டு கிலோ ஈரக் கழிவு போட்டேன், நானும் தெப்பமாக நனைந்திருந்தேன், அவளை நன்றாகத் திட்டினேன். அவளும் விடவில்லை.

மறுநாள் காலை வந்த குரல் பதிவில் நிஷாந்தினி அழுதுகொண்டிருந்தாள். ஹார்ஸ்பி ஆறுக்கு ஒன்று என்று தோற்றிருந்தது. நாலாவது கோலோடு சனமெல்லாம் எழும்பிப் போய்விட்டதாம். ஆறு கோல் வாங்கினபிறகு கடைசி நிமிடத்தில் பின்வரிசையில் ஆடுகிற ஒரு பொடியன் சேற்றுக்குள் ஓடிப்போய் ஒரு கோல் போட்டிருக்கிறான். யாரும் கை தட்டவில்லை, அவனுடைய ஆட்களே திரும்பிப் பார்க்கவில்லை. அவனுடைய ஜேர்சியை மட்டும் மூன்று தரம் துவைக்க வேண்டியிருந்தது என்றாள்.

முந்தின நாள் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. "ஆறு வாங்குனவனுக்கு ஒண்ணு எதுக்கு? தோத்தா தோத்ததுதானே. விசர் வேல" என்றேன்.

கலாராணி பிளேன்டீயைக் கீழே வைத்தாள். "அவன் கடைசி நிறுவைக்கு நிண்டுருக்கான்யா" என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று எனக்கு நன்றாக விளங்கியது.

தைப்பொங்கலுக்கு ஹார்ஸ்பி இருபத்து மூன்றாம் இடம், அதாவது இறங்குகிற இடம். கலாராணி தோட்டத்து மாரியம்மனுக்குப் பால்குடம் எடுப்பதாக நேர்ந்துகொண்டாள். அம்மனிடம் கிளப்பின் பெயரைச் சரியாகச் சொல்ல வேண்டுமே என்று என்னைக் கடதாசியில் எழுதித் தரச் சொன்னாள். எழுதிக் கொடுத்தேன். பூசாரி அதைப் பார்த்துவிட்டு இது என்ன நட்சத்திரம் என்று கேட்டாராம்.

ஏப்ரல் கடைசியில் ஒரு அணி இறங்குவது முடிவாகிவிட்டது. மற்றது ஹார்ஸ்பியா இன்னொரு அணியா என்பது கடைசி மேட்சில் தெரியும். ஹார்ஸ்பிக்கு நாற்பத்து நாலு புள்ளி, மற்ற அணிக்கு நாற்பத்து இரண்டு. மேட்ச் நடக்கிற அந்தச் சனிக்கிழமை கலாராணிக்கு மலையில் கை ஓடவில்லை. எனக்கும் ஒரு வேலையும் ஓடவில்லை, இரண்டு பேரின் நிறுவையை மாற்றி எழுதி அழித்தேன். இதுவரை ஒரு பந்தைக்கூட உதைக்காத எனக்கு இது தேவையா என்று என்னையே கேட்டுக்கொண்டேன்.

ஞாயிறு ஆறு மணிக்கே வந்துவிட்டாள். போனைத் திறக்கக் கை வரவில்லை, என்னிடம் நீட்டினாள். நான் போட்டேன்.

"அம்மா, நாங்க ஒண்ணுக்கு ஒண்ணு சமம்மா. ஒரு புள்ளிதான். மத்த டீம் அவங்க மேட்ச்ல வெண்டுட்டாங்க." நிஷாந்தினியின் குரல் அங்கே நின்றது. கலாராணி கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "ரெண்டு பேருக்கும் நாப்பத்தஞ்சு. அதனால போட்ட கோலையும் வாங்குன கோலையும் கழிச்சுப் பாத்தாங்க. எங்களுக்கு இருபத்தெட்டு கொறை, அவங்களுக்கு இருபத்தொம்பது கொறை. ஒரே ஒரு கோல்மா. நாங்க எறங்கல. நான் ஜூலையில வாறேன்."

அடுத்த பதிவில் சிரிப்பும் அழுகையுமாக இன்னொன்றும் சொன்னாள். குறை சமமாக வந்திருந்தால் வருடம் முழுக்க யார் அதிகம் கோல் போட்டது என்று பார்ப்பார்களாம், அது மற்ற அணிதான். எந்த ஒரு கோல் குறைந்திருந்தாலும் இறங்கியிருப்போம் என்று லாண்டரியில் பேசிக்கொண்டார்களாம். அன்றைக்கு யாரும் கை தட்டாத அந்தப் பொடியனை இன்றைக்கு எல்லோரும் தோளில் தூக்கிக்கொண்டு போனார்களாம்.

கலாராணி என்னைப் பார்த்தாள். குத்திக்காட்டப் போகிறாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பிளேன்டீ கேட்டாள். அதுதான் எனக்கு அதிகமாகக் குத்தியது.

ஜூலையில் மகள் வருகிற அன்றைக்கும் அவள் காலையில் வேலை பிரிக்கிற பெரட்டுக்கு வந்துவிட்டாள். லீவு எடுத்தால் என்ன என்று அதட்டினேன்.

"வான் வர மத்தியானம் ஆகும்யா. வூட்ல குந்திக்கிட்டு என்ன செய்ய?"

பத்து மணி நிறுவையில் அவளுடைய போன் அடித்தது. பண்டாரவளை தாண்டிவிட்டார்களாம். கலாராணி சாக்கைத் தராசில் வைத்தாள். மலையை ஒரு தரம் பார்த்தாள்.

"அய்யா, நான் எறங்குறேன். அரைப்பேர் போட்டுக்கங்க."

இருபத்திரண்டு வருடத்தில் கடைசி நிறுவைக்கு முன்னால் அவள் மலையை விட்டது அதுதான் முதல் தடவை. லயத்துக்குப் போகவில்லை. வளைவில் போய், ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முக்கால் மணி நேரத்தில் வான் வந்தது. அவள் கை காட்டுவதற்கு முன்பே நின்றுவிட்டது. கதவைத் திறந்துகொண்டு நிஷாந்தினி இறங்கினாள். தாயைப் பார்த்தாள், பிறகு என் கேட்டைப் பார்த்தாள், கேட்டுக்குப் பின்னால் இருக்கிற நீலத் தண்ணீர் டாங்கியைப் பார்த்தாள். இந்தக் குவார்ட்டர்ஸ் கட்டியது அவள் போனபிறகுதான். கேட்டையும் டாங்கியையும் அந்த மூன்று நிமிடம் போனில் ஓரமாகப் பார்த்ததுதான் அவளுக்குத் தெரியும்.

"இங்கதானேம்மா அப்பாவ வச்சீங்க?"

"இங்கதான்டி" என்றாள் கலாராணி.

மகள் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தாயும் பக்கத்தில் உட்கார்ந்தாள். நிறுவைக்கு வந்த பெண்கள் சாக்கைத் தோளில் வைத்தபடியே நின்றார்கள், என் மனைவி கேட்டைத் திறந்துகொண்டு தண்ணீரோடு ஓடினாள். என்னால் அங்கே பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

திரும்பிப் புத்தகத்தை எடுத்து எழுதினேன். கலாராணி, அரைப்பேர், ஆறு கிலோ நானூறு. சாக்குக் கழிவு போடவில்லை.