பட்டைக்கு அடியில் வெளுத்த இடம்

என் நோயை முதலில் கண்டுபிடித்தது ஓர் ஊக்கு.

யுத்தம் முடிந்த மறு வருஷம் விடுப்பில் திருத்தணிக்கு வந்திருந்தேன். ராணுவ மருத்துவப் பிரிவில் ஸ்ட்ரெச்சர் தூக்கும் வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு நான் முழு உடுப்பில் வர வேண்டும் என்று என் மனைவி எஸ்தருக்கு ஆசை. செஞ்சிலுவை போட்ட வெள்ளைப் பட்டையை இடது கைச் சட்டைமேல் சுற்றி, அவளே ஊக்குக் குத்தினாள்.

“ஏங்க, ரத்தம் வருதுங்க. குத்தினது தெரியலையா உங்களுக்கு?”

தெரியவில்லை. பட்டையின் வெள்ளையில், சிலுவைக்குப் பக்கத்தில், காசளவு ரத்தம் ஊறியிருந்தது.

அந்தப் பட்டையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இடது கையில்தான் கட்ட வேண்டும்; அதில் முத்திரை இருக்க வேண்டும்; கட்டியவன் சண்டையில் சேரக் கூடாது. ‘இவன் காயம்பட்டவனைத் தூக்க வந்தவன், சுடாதே’ என்பது அதன் அர்த்தம். பர்மா எல்லைப் புழுக்கத்தில் சட்டையைக் கழற்றிவிட்டு வெறும் கையிலேயே கட்டிக்கொள்வோம். வெயில் படாமல் எல்லோர் கையிலும் ஒரு வெளுத்த வளையம் விழும். அதைக் காட்டி ஒருவரையொருவர் கேலி செய்வோம். முகாம் கலைந்து சில வாரங்களில் மற்றவர்களுக்கு அது மறைந்துவிட்டது. எனக்கு ஒரு திட்டு மட்டும் நின்றது. பட்டை வெளுப்புத்தான் என்று இருந்துவிட்டேன். அடுத்தவன் உடம்பைப் பார்க்கச் சம்பளம் வாங்கியவனின் லட்சணம் இது.

திருவள்ளூர்ப் பக்கம் ஒரு மிஷன் மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் கண்ணை மூடச் சொன்னார். பஞ்சால் தொடும்போதெல்லாம் ‘ஆங்’ சொல்ல வேண்டும். முன்கையில் சொன்னேன், முழங்கையில் சொன்னேன். பிறகு காத்திருந்தேன்.

“எப்ப தொடப்போறீங்க டாக்டர்?”

“தொட்டுகினுதாம்பா இருக்கேன்.”

குஷ்டம் என்றார். அழுகை வரவில்லை, பயம்கூட வரவில்லை. மனசையும் யாரோ பஞ்சால் தொட்டுப் பார்ப்பதுபோல் இருந்தது; எனக்குத்தான் ஒன்றும் தெரியவில்லை.

வாரம் ஒருநாள் நீரடிமுத்து எண்ணெய் ஊசி (காட்டுமரத்தின் கொட்டையிலிருந்து எடுப்பது, அந்நாளில் அதுதான் மருந்து). திட்டின் ஓரத்தில் போட்டால் உயிர் போகும். நடுவில் போட்டால் ஒன்றுமில்லை. கிருமி இல்லை என்று ஆகும்வரை மகள் ரோஸியைத் தூக்கக் கூடாது என்றார் டாக்டர். நான் யுத்தத்தில் இருந்தபோது பிறந்தவள் அவள். பத்து நாள்தான் தூக்கியிருந்தேன்.

எஸ்தர் அவளோடு மணவூரில் இருந்த தாய்வீட்டுக்குப் போனாள். செவ்வாய்க்கிழமைகளில் நான் ஊசிக்குப் போகும் ரயில் அங்கே நிற்கும்போது பிளாட்பாரத்துக்கு வருவாள். “அதோ பாரு, நைனா” என்று குழந்தைக்குக் காட்டுவாள். நான் இடது கையை ஜன்னலுக்கு உள்ளேயே வைத்துக்கொள்வேன். வண்டி கிளம்பிவிடும். மாதம், வருஷம் எல்லாம் எனக்கு மறந்துபோயிற்று. செவ்வாய் மட்டும் இருந்தது.

ராணுவத்திலிருந்து என்னை விடுவித்தார்கள். பட்டையையும், கோலில் பாம்பு சுற்றிய தொப்பிச் சின்னத்தையும் திருப்பிக் கொடுத்தேன். வீட்டில் ஒரு வெறும் வெள்ளைத் துணியை அதே இடத்தில் கட்டிக்கொண்டேன். மரத்த இடம் அடுப்பில் சுட்டாலும் தெரியாது. துணி இருந்தால் கண்ணாவது அங்கே போகும். மரத்த இடம் உங்களுக்கும் இருந்தால் இப்படி ஒரு துணி கட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு வருஷம் கழித்துக் கீறல் பரிசோதனையில் (தோலைக் கீறிக் கிருமி பார்ப்பது) ஒன்றும் இல்லை. “போய்க் கொழந்தையத் தூக்குப்பா” என்றார் டாக்டர். திரும்பும் வழியில் மணவூரில் இறங்கினேன். அன்றுதான் அழுதேன்.

நாலு வயது ரோஸி என்னிடம் வரவில்லை. ஜன்னலில் வரும் ஆள் வீட்டுக்குள் எதற்கு என்று பார்த்தாள். நானும் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பின்னால் அழுகைக் குரல் கேட்டது.

“நைனா, எவ்ளோ நேரமா தொட்டுகினே கீறேன்! திரும்பவே மாட்டேன்ற!”

அவள் கை என் இடது கைத் துணிமேல் இருந்தது.

“அந்தக் கைக்குத் தெரியாதும்மா.”

யோசித்தாள். சுற்றி வந்து வலது கையைத் தொட்டாள்.

“இதுக்கு?”

“ஆங்” என்றேன்.

இப்போது அவளுக்கே பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்றும் வந்தால் என் வலது பக்கம்தான் உட்காருகிறாள். இடது பக்கம் யாராவது தொட்டுக்கொண்டிருக்கிறார்களா என்று நான் அவ்வப்போது திரும்பிப் பார்த்துக்கொள்கிறேன்.